நிர்வாக சேவையில் இருந்தவர் ஆளுநராக வருவது வடக்கு மாகாணத்துக்கு நல்லதா?

நல்லதுதான். ஆனால் அதோடு நாம் திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கோப்புகளைக் கொண்டு அலைந்தே தலை நரைத்தது. எந்த மேசையில் கோப்பு தங்கும், யார் கேட்டால் நகரும் என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும்.

2024 செப்டெம்பரில் ஆளுநராக நியமிக்கப்பட்ட நாகலிங்கம் வேதநாயகன், இறுதிப் போர்க் காலத்தில் கிளிநொச்சி அரசாங்க அதிபராக, அதாவது மாவட்ட நிர்வாகத்தின் தலைவராக, இருந்தவர். அந்தக் கதிரையின் பாரம் வெளியூர் வாசகர்களுக்கு எளிதில் புரியாது. சம்பளம் கொழும்பிலிருந்து வரும். ஊரோ புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மக்கள் இடம்பெயர இடம்பெயர அலுவலகமும் பின்னால் போக வேண்டும். விதானைமார் (கிராம அலுவலர்கள்) எடுத்துத் தரும் தலைக்கணக்கைக் காட்டித்தான் அரிசியும் மாவும் கேட்க முடியும். 2009 தொடக்கத்தில் வன்னியில் இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொல்லியது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்குகளுக்கு நடுவே நின்று வேலை செய்த ஒருவருக்கு நிவாரணம், காணி, மீள்குடியேற்றம் எல்லாம் முகம் தெரிந்த மனிதர்களின் விடயங்கள். பிறகு அவர் யாழ்ப்பாணத்திலும் அரசாங்க அதிபராக இருந்தார்.

அவருக்கு முன் இரண்டு தடவை ஆளுநராக இருந்த பி.எஸ்.எம். சார்ள்ஸும் இதே வழியில் வந்தவர். வவுனியா, மட்டக்களப்பு அரசாங்க அதிபர், பின்னர் சுங்கத் திணைக்களத் தலைவர். 2019 தொடக்கத்தில் அவரைச் சுங்கத்திலிருந்து மாற்ற முயன்றபோது ஊழியர்களே போராடி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிகாரி ஒருவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேண்டுமா? போர் முடிந்த 2009 முதல் 2015 வரை ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சந்திரசிறி ஆளுநராக இருந்த காலத்தை நினைத்தால், இவர்களின் வருகை எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது விளங்கும்.

இருந்தாலும் ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆளுநர் நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்தவர் அல்லர். எவ்வளவு நேர்மையான நிர்வாகியும் மேலிடத்துச் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டே பழகியவர். மக்கள் தெரிவு செய்யும் மாகாண சபை இயங்கும் காலத்தில் இது பெரிய குறையல்ல. மாகாண விடயங்களைப் பார்க்க முதலமைச்சரும் அமைச்சர்களும் இருப்பார்கள். வட மாகாண சபையின் ஆயுட்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி என எல்லாமே ஆளுநரின் கையொப்பத்துக்கு வந்துவிட்டன.

2013இல் முதன்முதலாக அந்தச் சபைக்கு வாக்களிக்க வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். சபைக்குள் சண்டைகள் இருந்தன, ஆளுநரோடும் இழுபறி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் வைத்தியர் இல்லையென்றால், எழுந்து கேட்க 38 உறுப்பினர்கள் அங்கே இருந்தார்கள். இன்று நாங்கள் ஆளுநருக்கு மனு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.