நாட்டு மருந்தும் மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்கள்

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 2 மி.கி. சாப்பிடுகிறேன். சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்க்கலாமா? விடியற்காலை மூன்று மணிக்கே கடலுக்குப் போகிற ஆள். (தொண்டி)

கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கும். இரண்டையும் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வலை இழுத்தால், நடுக்கடலில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சுக் குழறும். கூட இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று விட்டுவிடுவார்கள்.

படகில் சீனி இருக்கட்டும். மூன்று தேக்கரண்டி (சுமார் 15 கிராம்) தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாத்திரையை முதல் சாப்பாட்டோடு போடுங்கள், சாப்பிடாமல் போடாதீர்கள். பொடி வேண்டுமென்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

தைராய்டு குறைவு, 75 மைக்ரோகிராம் மாத்திரை. கடல்பாசி கேப்ஸ்யூலில் அயோடின் இருக்கிறதாமே, நல்லதுதானே? (பாம்பன்)

வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அயோடின் உப்பும் மீனும் சாப்பிடுகிற வீட்டில் பெரும்பாலும் அது வந்துவிடும். கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசிகளில் அயோடின் அளவு ஒரே சீராக இருக்காது. மிஞ்சினால் சுரப்பி இன்னும் சுணங்கும், சிலருக்கு நேர்மாறாக எகிறும். நோன்புக்குக் கிண்டுகிற கடல்பாசி வேறு, அது அகர். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வாப்பாவுக்கு வால்வு மாற்றி வார்ஃபரின் கொடுக்கிறோம். பூண்டு கேப்ஸ்யூல் கொடுக்கலாமா? (கீழக்கரை)

குழம்பில் போடுகிற பூண்டு பரவாயில்லை, கேப்ஸ்யூல் கூடாது. வார்ஃபரின் ரத்தம் உறைவதைக் குறைக்கிற மருந்து, இதுவும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பாருங்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஏழு வருஷ முட்டி வலி, ஒரு பொட்டலப் பொடியில் மூன்றாம் நாளே போய்விட்டது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பியிருக்கிறது. நிறுத்திவிடவா? (தேவிபட்டினம்)

சட்டென்று நிறுத்தாதீர்கள். ஏழு வருஷ வலி மூன்றே நாளில் போனதே சந்தேகத்துக்கு இடம். இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை அரைத்துக் கலப்பதுண்டு. முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். உடம்பு இரண்டு மாதமாக வெளியிலிருந்து வருகிற ஸ்டீராய்டுக்குப் பழகியிருந்தால், உடம்புக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. திடீரென விட்டால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் சரிவு வரலாம். மிச்சப் பொடியை உறையோடு எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைப்பது அவர் வேலை.

உறையில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள். வெறும் காகிதப் பொட்டலத்தில் இதில் எதுவும் இருக்காது. பக்கவிளைவைப் புகார் செய்யக் கட்டணமில்லா எண் 1800-180-3024, நோயாளியே கூப்பிடலாம்.