ஜெராக்ஸ் கடை அக்கா – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாவலை இரண்டு இரவில் படித்து முடித்தேன். வைத்தியத்துக்காக வேலூர் வந்த வங்கதேசக் குடும்பத்தின் ஆபரேஷன் பணம் லாட்ஜில் திருடு போகிறது, எதிர் ஜெராக்ஸ் கடை அக்கா கண்டுபிடிக்கிறாள். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இரண்டு சந்தேகம். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கி விசாரிப்பாளா? நோயாளியின் பணம் போன கதையில் இவ்வளவு சிரிப்பு சரியா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

எழுதும்போதே என்னை உறுத்தியது உங்கள் இரண்டாவது கேள்விதான். முதல் பிரதியில் பணத்தைத் தொலைத்த அந்தத் தகப்பனும் வேடிக்கையான ஆளாக இருந்தார். அவர் பேசும் அரைகுறைத் தமிழை வைத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பிறகு ஒரு நாள் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில், ஸ்கேன் கவரை மார்போடு அணைத்தபடி வழி தெரியாமல் நின்ற ஒருவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன். இப்போது சிரிப்பெல்லாம் திருடன் மேலும், லாட்ஜ் மேனேஜர் மேலும், நாயகியின் மாமியார் மேலும்தான். பணம் போனவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சரி, விசாரிப்பாளா என்ற கேள்வி. துப்பறிகிறவளுக்குத் தைரியம் அப்புறம்தான் வேண்டும். முதலில் அந்த இடத்தில் நிற்க ஒரு காரணம் வேண்டும். சும்மா ஒரு பெண் லாட்ஜ் வராந்தாவில் நின்றால் நாலு பேர் கேட்பார்கள். ஜெராக்ஸ் பாக்கி வாங்க வந்தவளை யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதற்கான பாஸ்போர்ட், விசா நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவள் மெஷினில்தான் ஓடுகின்றன. ஒரே முகம் இரண்டு பெயரில் வந்தால் போலீஸுக்கு முன்னால் அவள் கண்ணில்தானே படும்? ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் கடை போர்டுகள் வங்காளத்திலும் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விலை சொல்ல, வழி சொல்ல, ஆறுதல் சொல்ல வேண்டிய அளவுக்கு அவளுக்கும் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது.

ஆரணி குப்புசாமி முதலியார் நூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலக் கதைகளைத் தழுவித் துப்பறியும் நாவல்கள் எழுதினார். அவரும் நம் வட ஆற்காட்டுக்காரர்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அவை கடல் தாண்டி வந்த கதைகள். இந்தத் தெருவை விட்டு வேறெங்கும் நடக்க முடியாத கதை ஒன்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அவளுடைய தைரியத்தை நான் எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். உங்கள் ஊரிலேயே, சுற்றிய பீடியைக் 'கழிவு' என்று தள்ளுகிற ஏஜெண்டிடம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி மல்லுக்கு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மேனேஜரிடம் அவள் ரசீது கேட்கிற காட்சியில் இருப்பது அந்தக் குரல்தான்.

ஆனாலும் ஒரு இடத்தில் உங்கள் சந்தேகம் சரி. கோட்டை அகழியோரம் ராத்திரி அவள் தனியாகத் திருடனைப் பின்தொடர்கிறாளே, அங்கே அவளுக்கு எந்த வேலையும் இல்லை. விறுவிறுப்புக்காக நான்தான் அவளை அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அதைப் பட்டப்பகலுக்கு மாற்றுகிறேன். உள்ளே இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு மாமியாரைக் கூட்டிப் போகிற சாக்கில் போவாள். மாமியாருக்கு முட்டிவலி, நாலு அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். அதற்குள் திருடன் எந்தப் பக்கம் போகிறான் என்று அவள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா