ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் டான்ஸ் டெஸ்ட்டுக்குத் தயாராவது: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஐஸ் டான்ஸ் (ஸ்கேட் போட்டுக்கொண்டு ஐஸ் மேல் இசைக்கு ஜோடியாக ஆடுவது) சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஓசூரில் இருக்கிறேன். வெளிநாட்டில் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் லீவுக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்தால் பயிற்சியை என்ன செய்வது என்று நம் பக்கத்து மக்கள் கேட்டிருந்தார்கள். பாதிக் கேள்விகள் கிருஷ்ணகிரியில் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பேத்திக்கு 13 வயது. மிச்சிகனில் ஐஸ் டான்ஸ் பழகுகிறாள். செப்டம்பரில் கிலியன் என்ற நடனத்துக்கு டெஸ்ட். ஆகஸ்ட் நடுவில்தான் இங்கிருந்து திரும்புகிறாள். சுற்றுவட்டாரத்தில் ஐஸ் கிடையாது. இவ்வளவு நாள் விட்டால் கற்றதெல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது ஐயா. ஐஸ் மேல் கால் வழுக்கிப் போகும் உணர்வு கொஞ்சம் மங்கும், திரும்பிப் போனதும் சில நாளில் வந்துவிடும். கிலியனில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதில் அல்ல, தாளத்தில். தாளத்துக்கு ஐஸ் வேண்டாம், உங்கள் மொட்டை மாடி போதும்.

கிலியன் பழைய நடனம், அடிகளெல்லாம் முன்பே வகுக்கப்பட்டவை, ஜோடியாக ஆடுவது. கார்ல் ஷ்ரைட்டர் என்பவர் அமைத்தது, 1909-ல் வியன்னாவில் முதலில் ஆடினார்கள். மார்ச் இசை, அதாவது அணிவகுப்பு இசை, நிமிடத்துக்கு 116 தட்டு. ஒரு சுற்றுக்கு 14 காலடி, 16 தட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதற்குள் 14 தடவை கால் மாற வேண்டும். பெரும்பாலான அடிகளுக்கு ஒரே ஒரு தட்டுதான் கிடைக்கும். அடுத்து எந்தக் கால் என்று யோசித்தால் தாளம் போய்விட்டது என்று அர்த்தம். கால் தானாகப் போக வேண்டும்.

காலை வெயில் ஏறுமுன் மாடியில் சாக்பீஸால் ஒரு பெரிய வளைவு வரையச் சொல்லுங்கள். 14 அடிக்கும் எண் போடட்டும், இடது காலுக்கு ஒரு நிறம், வலது காலுக்கு ஒரு நிறம். நடனம் இடஞ்சுழியாகத்தான் போகும், அதனால் முன்னோக்கிப் போகும்போது அவளுடைய இடது தோள் வளைவின் உள்பக்கம் இருக்க வேண்டும். போனில் மெட்ரோனோம் ஆப் (சீராகத் தட்டிக்கொண்டே இருப்பது) ஒன்றைப் போட்டு முதலில் 80-ல் நடக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 116-க்கு வரட்டும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்க வேண்டும், வெறுமனே நடந்தால் பயனில்லை. பாதங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மாற வேண்டும். கால்களை அகட்டி வைக்கும் பழக்கம் மாடியில் வந்துவிட்டால் ஐஸிலும் வரும்.

உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படும் சத்தமும் மெட்ரோனோம் தட்டும் ஒன்றாகக் கேட்கிறதா, முன்பின்னாகக் கேட்கிறதா? எந்த எண்ணில் பிசகுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஸ்கேட்டிங் தெரியாதவர் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுதான்.

பிசகு பெரும்பாலும் ஏழு, எட்டில் இருக்கும். ஏனென்றால் ஒன்பதாம் அடி இடது காலின் உள்விளிம்பில் (ஸ்கேட் பிளேடின் உள்பக்க ஓரத்தில்) முன்னோக்கிப் போவது, பத்தாம் அடி வலது காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கிப் போவது. இந்தத் திருப்பத்தை சாக்டா என்பார்கள், கிலியனில் எல்லாப் பிள்ளைகளும் பயப்படும் இடம். பயத்தில் ஏழையும் எட்டையும் அவசரமாக முடித்துவிட்டு, பத்தில் வந்து தாளத்துக்காகக் காத்து நிற்பார்கள். நடுவர்களுக்கு இது பளிச்சென்று தெரியும். அதனால் சாக்டாவை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு நூறு முறை செய்யச் சொல்லாதீர்கள். ஆறிலிருந்து பத்து வரை சேர்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கட்டும். வாய் அவசரப்படாவிட்டால் காலும் அவசரப்படாது.

காவேரிப்பட்டணம், பரதநாட்டிய ஆசிரியை: 16 தட்டு என்றால் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம். அப்படியே போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் அம்மா. அந்தப் பெண் நாட்டியமும் படித்திருந்தால் உடனே பிடித்துக்கொள்வாள். இரண்டாவது ஆவர்த்தனம் எந்த அடியில் தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால், நடுவில் தவறினாலும் எங்கே போய்ச் சேர்ந்துகொள்வது என்று தெரியும். ஆனால் கையால் தாளம் போடும்போது கடினமான இடத்தில் பிள்ளைக்காக நாமே மெதுவாக்கிவிடுவோம், அன்பினால் வருவது அது. டெஸ்ட்டில் பாட்டு யாருக்காகவும் மெதுவாகாது. அதனால் பாதி நேரம் உங்கள் தாளம், பாதி நேரம் மெட்ரோனோம். அப்புறம், ஒரே மார்ச் பாட்டைக் கேட்டுப் பழக விடாதீர்கள். பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு ஆடும் பிள்ளைகள் வேறு பாட்டு ஒலித்ததும் திணறுவார்கள். வேகம் ஒன்றாக இருக்கும் நாலைந்து பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஓசூர், ஒரு அப்பா: என் மகன் இன்லைன் ஸ்கேட்டிங் போகிறான். அந்தப் பெண் அதில் பழகினால் ஐஸுக்குச் சமம்தானே?

பதில்: சமம் இல்லை தம்பி, ஆனால் உதவும். நம் ஊரில் பிள்ளைகள் போடுவது வேகப் போட்டிக்கான ஸ்கேட். சக்கர வரிசை நீளமாக, நேராக இருக்கும், சின்ன வளைவில் திரும்ப இடம்கொடுக்காது. ஐஸ் பிளேடின் அடிப்பக்கம் முன்னும் பின்னும் லேசாக வளைந்திருக்கும், அதனால்தான் ஒரு காலிலேயே வட்டம் போட முடிகிறது. பிளேடின் வளைவைப் போலவே சக்கரம் வைத்து, முன்னால் தடுப்புக் கட்டையோடு வரும் ஃபிகர் இன்லைன் ஸ்கேட் தனியாக இருக்கிறது. அது கையில் இருந்தால் வழவழப்பான தரையில் எட்ஜ், அதாவது விளிம்பில் சாய்ந்து போவது, பழகலாம். இல்லாவிட்டால் வேகப் போட்டி ஸ்கேட்டில் கிலியன் அடிகளை முயலவே வேண்டாம், காலுக்குத் தவறான பழக்கம் ஏறிவிடும். முன்னோக்கி ஓட்டம், மூச்சுப் பிடிப்பு, தொடை வலு இவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம். டெஸ்ட்டுக்கு முன் கை உடைந்தால் எல்லாம் வீண்.

தர்மபுரி, கல்லூரி மாணவி: ஐஸ் டான்ஸ் என்பது டிவியில் பார்க்கிற மாதிரி தூக்கிப்போட்டுப் பிடிப்பதா?

பதில்: அது ஜோடி ஸ்கேட்டிங் (pair skating), வேறு பிரிவு. ஐஸ் டான்ஸில் ஆளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதும் இல்லை, பெரிய தாவல்களும் இல்லை. இசை, காலடி, விளிம்பு, இருவர் நெருக்கம், இவைதான். 1976-ல் இன்ஸ்ப்ரூக்கில் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள்.

பாலக்கோடு, பாட்டியின் தங்கை: பிள்ளை சரியாகச் சாப்பிடமாட்டேன் என்கிறாள். குண்டானால் ஸ்கேட்டிங் வராது என்கிறாள். என்ன கொடுப்பது?

பதில்: அம்மா, இதற்குக் கொஞ்சம் அழுத்தியே பதில் சொல்கிறேன். 13 வயதில் உடம்பு வளர்ந்தே ஆக வேண்டும். இந்த வயதில் சாப்பாட்டைக் குறைக்கும் பெண்களுக்கு எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் தள்ளிப்போகும், களைத்த காலில் அடிபடும். களி, கீரைக் குழம்பு, முட்டை, வேர்க்கடலை, மோர், நம் வீட்டில் இருப்பதெல்லாம் அவளுக்கு நல்லதுதான். மாம்பழமும் சாப்பிடட்டும். கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டு மாம்பழத்தை எண்ணிச் சாப்பிடுகிற பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

அதைவிட முக்கியம், வருகிற சொந்தக்காரர்கள் "இளைச்சுட்டியே", "பூசினாப்ல இருக்கே" என்று வாசலிலேயே சொல்வதை நிறுத்துங்கள். இரண்டுமே அவள் காதில் ஒன்றாகத்தான் விழும். வேண்டுமென்றே சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள் என்று தெரிந்தால் டெஸ்ட்டை மறந்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அதே வீடு, பேத்தியே எழுதியது: அங்கிள், தனியாகச் செய்தால் எனக்குச் சரியாக வருகிறது. கோச் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஆடினால் லேட் ஆகிறேன். அவர் ரொம்ப உயரம். என்ன பண்ணுவது?

பதில்: நல்ல கேள்வி கண்ணு. தனியாக வருகிறது என்றால் அடிகள் உனக்குத் தெரியும், அதில் சந்தேகமே வேண்டாம்.

கிலியன் பிடியில் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறீர்கள். நீ அவருக்கு வலப்பக்கம், இடுப்பு இடுப்போடு ஒட்டியிருக்க வேண்டும். உன் இடது கை அவருக்கு முன்னால் நீண்டு அவர் இடது கையில் இருக்கும், வலது கைகள் இரண்டும் உன் இடுப்பில் சேரும். உயரமானவரோடு ஆடும்போது நீ உன்னை அறியாமல் அவர் கையில் தொங்குவாய், இல்லாவிட்டால் அவர் இழுக்கும்வரை காத்திருப்பாய். லேட் ஆவது அங்கேதான். உன் இடது கை நீட்டமாக, ஆனால் உன் சொந்த பலத்தில் நிற்க வேண்டும். அவர் கையை விட்டாலும் அது கீழே விழக்கூடாது.

வீட்டில் உயரமான சித்தப்பாவோ மாமாவோ இருப்பாரே, அவரைப் பிடித்துக்கொள். அவருக்கு ஸ்கேட்டிங் தெரிய வேண்டாம், மெட்ரோனோமுக்குச் சரியாக மார்ச் போட்டு நடந்தால் போதும். இந்தப் பிடியில் மாடியைச் சுற்றி இருவரும் நடங்கள். நடுவில் சொல்லாமல் கையை விடச் சொல். நீ தடுமாறினால் சாய்ந்திருந்தாய் என்று அர்த்தம். தடுமாறாத வரை செய். அவர் காலை மிதித்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடு, டான்ஸ் பிளேடின் பின்பகுதியைக் குட்டையாகச் செய்வதே அதற்காகத்தான்.

ஊத்தங்கரை, ஒரு அம்மா: ஸ்கேட் பூட்ஸை இங்கே கொண்டுவந்தால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பிளேடை உலரத் துடைத்துத் துணி உறையில் வையுங்கள். நடப்பதற்குப் போடும் கடினமான பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும். வாரம் ஒருமுறை பூட்ஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பாதம் வளரும், விரல் இடித்தால் உடனே அங்குள்ள கோச்சுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். புது பூட்ஸ் காலுக்குப் படியச் சில வாரம் ஆகும். டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் புதுசு வாங்குவது மோசமான முடிவு.

கிருஷ்ணகிரி, மறுபடியும் தாத்தா: ஒருவேளை தேறாவிட்டால்?

பதில்: மறுபடி ஆடிக் காட்டுவாள் ஐயா, அவ்வளவுதான். அங்கே தேறாத தாளில் "திரும்ப முயல்க" என்றுதான் வரும். கிலியனுக்கு இரண்டாவது முறை போகும் பிள்ளைகள் ஏராளம். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: டெஸ்ட் தேதியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அன்று சாயங்காலம் பத்து பேர் "என்னாச்சு" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

திரும்பிப் போனதும் முதல் நாளே கிலியனைத் தொடவிடாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். தூக்கம் சரியாகும்வரை வெறும் ஓட்டமும் எட்ஜும் போதும். அப்புறம் இசை இல்லாமல் அடிகள், அதன்பின் இசையோடு தனியாக, கடைசியாகக் கோச்சோடு. மாடியில் பிசகிய எண்கள் எவை என்று குறித்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அந்தத் தாளைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அவள் கோச்சுக்கு அது மிகவும் உதவும்.