ஆய்விதழ்க் கட்டணம் எங்கே போகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஆய்வுக் கட்டுரை எழுதுவதும் நாங்கள், பிறர் எழுதியதை மதிப்பாய்வு செய்வதும் நாங்கள். இரண்டுக்கும் ஒரு காசு கிடையாது. அச்சும் போய் எல்லாம் பிடிஎஃப் ஆகிவிட்டது. அப்புறம் கட்டுரையை வெளியிட எங்களிடம் எதற்குக் கட்டணம்?

பதில்: இதே கோபத்தோடுதான் நானும் ஒரு சிறிய இதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தேன். பாதிக் கோபம் தணிந்தது, மீதி அப்படியே இருக்கிறது. மதிப்பாய்வாளர் இலவசம்தான், அவரைத் தேடிப் பிடிப்பது இலவசமில்லை. இரண்டு பேர் சரி என்று சொல்வதற்குள் பத்துப் பேருக்கு மின்னஞ்சல் போயிருக்கும். கருத்துத் திருட்டுச் சோதனை, படங்களில் ஒட்டுவேலை நடந்திருக்கிறதா என்று பார்ப்பது, மொழி திருத்துவது, கணினி பிரித்துப் படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பாக்குவது, இதழே மூடப்பட்டாலும் கட்டுரை கிடைக்கும்படி சேமித்து வைப்பது எல்லாம் சம்பளத்துக்கு ஆள் செய்யும் வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நிராகரித்த கட்டுரைகள். நூறு வந்து பத்தை ஏற்றால், தொண்ணூறைப் படித்த செலவும் அந்தப் பத்தின் தலையில்தான் விழும்.

கேள்வி: சரி, நேச்சர் இதழ் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கேட்டதே, அதுவும் இந்தக் கணக்குதானா?

பதில்: ஓரளவுக்கு. 2021இல் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடுவதற்கு, அந்தத் தொகையை வைத்தார்கள். அங்கே முழுநேரச் சம்பள ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வருவதில் மிகப் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. ஆனால் விலையைத் தீர்மானிப்பது செலவு மட்டுமல்ல, பெயரும்தான். அந்தப் பெயர் இருந்தால் வேலை கிடைக்கும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்ஸ்வியரின் தாய் நிறுவனம் ரெலெக்ஸின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். ஆய்விதழ்கள் அடங்கிய அறிவியல், மருத்துவப் பிரிவின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபம். அதைச் செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: இதழாசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து வெளியேறினால் என்ன?

பதில்: வெளியேறியிருக்கிறார்களே. 2023இல் எல்ஸ்வியர் வெளியிடும், மூளைப் படமெடுப்பு பற்றிய நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர் குழு மொத்தமாக விலகியது. 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. எம்ஐடி பிரஸ்ஸோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயின்ஸ் என்று புது இதழ் தொடங்கினார்கள். ஆட்கள் போய்விடலாம், பழைய பெயரும் தாக்கக் காரணியும் (கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) பதிப்பகத்திடமே தங்கிவிடும். அதுதான் சிக்கல்.

கேள்வி: எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காமல் இதழ் நடத்தவே முடியாதா?

பதில்: முடியும். இயந்திரக் கற்றல் துறையின் ஜேஎம்எல்ஆர் இதழ் 2000 முதல் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அங்கே கட்டுரையாளர்களே லேடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கத்தை அமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், மற்றதைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வேர்டு கோப்பில் நாற்பது அட்டவணையோடு வரும் துறைகளில் யாராவது இரவு உட்கார வேண்டும். எங்கள் இதழில் அந்த யாராவது நான்தான். என் நேரத்தை எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை. 'செலவில்லாத இதழ்' என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவது அதனால்தான்.

கேள்வி: மூன்று நாளில் ஏற்பதாக ஓர் இதழ் எழுதியிருக்கிறது. கட்டணமும் குறைவு. அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். மூன்று நாளில் மதிப்பாய்வாளர் பதிலே போட மாட்டார்.

கேள்வி: என்னிடம் நிதியே இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: கட்டண விலக்கு உண்டா என்று அனுப்பும் முன்பே கேளுங்கள். ஏற்ற பிறகு கேட்டால் பல இதழ்கள் காது கொடுப்பதில்லை. இல்லையென்றால் படிப்பவர் காசு கட்டும் சந்தா இதழிலேயே வெளியிட்டுவிட்டு, ஏற்கப்பட்ட கட்டுரையின் உங்கள் படியை (பதிப்பகம் பக்கம் அமைப்பதற்கு முந்தையதை) உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் போடுங்கள். அதை எல்லோருக்கும் திறந்துவிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.