சென்னையில் வீடு தேடும் முன் யாரிடம் என்ன கேட்பது?

தேனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்து, ஜூனில் சேர வேண்டுமாம். எட்டு வயது மகளும் மூட்டுவலிக்கார மாமியாரும் உடன் வருகிறார்கள். சென்னையில் சொந்தம் என்று யாரும் இல்லை. "விசாரித்தால் ஒருவர் தாம்பரம் என்கிறார், ஒருவர் மேடவாக்கம், இன்னொருவர் வேளச்சேரிதான் நல்ல ஏரியா என்கிறார். யாரை நம்புவது?"

அம்மா, மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது அவரவருக்கான உண்மை. தாம்பரத்தைச் சொன்னவர் மின்சார ரயிலில் கிண்டிக்கோ எழும்பூருக்கோ போய்வருகிறவராக இருக்கலாம், அவருக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. உங்கள் கணவர் போக வேண்டிய சோழிங்கநல்லூருக்கோ ரயில் இல்லை, அது இருக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ ரயில் பாதை கட்டும் வேலையால் சாலை பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது. ஆகவே "எது நல்ல ஏரியா?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு வருவது அபிப்பிராயம், உங்களுக்கு வேண்டியது நடந்த சம்பவம். "2023 டிசம்பர் புயல்ல உங்க தெருவுல தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சு, வடிய எத்தனை நாளாச்சு, கரண்ட் எப்ப வந்துச்சு?" இப்படிக் கேட்டால் யாராலும் மழுப்ப முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2015 கோடையில் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தரைத்தள வீடு பார்த்தேன். அமைதியான தெரு, கிணற்றில் நல்ல தண்ணீர், கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அருமையான ஏரியா என்றார்கள். அந்த டிசம்பரில் மார்பளவு தண்ணீர். பீரோ, மெத்தை, பிள்ளையின் புத்தகம் எல்லாம் போயிற்று. வெள்ளம் வடிந்தபின் தெருமுனை இஸ்திரிக்காரர் சொன்னார்: "இது தண்ணி வர்ற வழி சார், பெரிய மழைக்கு எப்பவும் வரும். நீங்க கேக்கவே இல்லையே." ஏழு மாதம் தினமும் அவரைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன்.

அதனால் முதலில் அந்தத் தெருவிலேயே நாள் முழுக்க நிற்பவர்களிடம் போங்கள். இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக்கடை, பால் போடுகிறவர், பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ச்மேன். வீட்டைக் காட்டும் புரோக்கர் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், அவர் போனபின் தனியாகத் திரும்பி வந்து ஒரு டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். இன்னொரு நல்ல இடம், சாயந்திரம் பள்ளி விடும் நேரத்தில் பள்ளி வாசல். பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அம்மாக்களுக்குத் தண்ணீரிலிருந்து குழந்தை டாக்டர் வரை எல்லாம் தெரியும், புதிதாக வருகிறோம் என்று சொன்னால் ஆசையோடு சொல்வார்கள்.

வெள்ளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடம் சொன்ன மூன்று பெயர்களில் இரண்டு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி இருப்பவை. தென்சென்னையின் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற பல ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாக ஓஎம்ஆரைக் கடந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. நடுவில் எவ்வளவோ கட்டடம் வந்துவிட்டதால், பெருமழையில் அந்தத் தண்ணீர் தெருக்களில் நிற்கிறது. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்தாலே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது அதனால்தான். ஆனால் அதற்காக வேளச்சேரி முழுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் ஒன்று மூழ்கும், ஒன்றில் செருப்புகூட நனையாது. வீடு பார்க்கும்போது தெருவைவிட வாசல் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள், சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மாமியாருக்கு மூட்டுவலி, எனவே தரைத்தளம் வசதி என்று தோன்றும். இந்தப் பகுதியில் நான் அதைச் சொல்ல மாட்டேன். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ பாருங்கள், முதல் மாடி என்றால் லிஃப்ட் நின்றாலும் மெதுவாக ஏறி இறங்கிக்கொள்ளலாம். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா, இல்லை பொது விளக்குக்கு மட்டும்தானா என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். வைகை பக்கத்திலிருந்து வருகிற உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஓஎம்ஆர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, நிறைய அபார்ட்மென்ட்கள் லாரி தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆகவே "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் வரும் என்பார்கள். மே மாதத்தில் வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது, அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேருமா தனியா, மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) இணைப்பு உண்டா என்று கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பணம் விஷயம். வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் டோக்கன் தொகை அனுப்ப வேண்டாம். முன்பு சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் வாங்குவது சாதாரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள், குறைப்பார்கள். ஈபி மீட்டர் தனியாக இருக்கிறதா, யூனிட் கணக்கை வீட்டுக்காரரே போடுகிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளியைப் பொறுத்தவரை ஒன்றுதான், மகள் ஓஎம்ஆரைக் கடந்து போகும்படி வைக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மே மாதமே கணவரை மட்டும் ஒரு வாரம் அனுப்புங்கள். தேனி பஸ் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடும், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு மேன்ஷனோ பிஜியோ எடுத்துத் தங்கட்டும். பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேலைநாள் ஒன்றில் காலை எட்டரைக்குக் கிளம்பி அலுவலகம் போய்ப் பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போன நேரத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வழியாகப் போகும் பாதையையும், ஓஎம்ஆரிலேயே துரைப்பாக்கம், காரப்பாக்கம் பக்கத்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குப் போடும்போது, ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்ற வரியைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். அக்டோபரில் மழை தொடங்கி டிசம்பர் முடியும்போது அந்த வீட்டில் தொடர்வதா மாறுவதா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதுவரை பெரிய மர பீரோ எதுவும் வாங்க வேண்டாம்.