கோவையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்கிறோம். முதலில் வாடகை வீடு, பிறகு மனை வாங்கும் எண்ணம். வெயில், புயல் விஷயத்தில் எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும்?

முதலில், வீடு பார்க்கும் மாதம். பள்ளி விடுமுறை என்று எல்லோரும் மே மாதத்தில்தான் வந்து பார்க்கிறார்கள். மே மாதத்தில் டெல்டாவில் எல்லா மனையும் மேட்டு மனைதான். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு அதே தெருவில் நின்றால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, போகிறதா என்பதே தெரியும். அப்போது வர முடியாவிட்டால் தெருமுனை டீக்கடையில் கேளுங்கள்: "கஜா புயலுக்கு எத்தனை நாள் கரண்ட் இல்ல? மழைத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?" தரகர் விழுங்குவதை அங்கே சொல்லிவிடுவார்கள்.

நாகை, வேதாரண்யம், சீர்காழி எல்லாமே கடைமடை. தரை ஏறக்குறைய சமம். மேற்கே பெய்த மழையும் வெட்டாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி போன்றவற்றின் வழியே இங்கே வந்துதான் கடலில் சேர வேண்டும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறியிருந்தாலோ சட்ரஸைத் (ஆற்று மதகை) திறந்தும் பயனில்லை, ஆறு வடியாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியபோது புயலே கிடையாது, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான். அதனால் புயல் செய்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நஞ்சையில் மண்ணடித்துப் போட்ட மனை விலை குறைவாக வரும். பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். வாய்க்காலைத் தூர்த்துத்தான் மனை போட்டிருக்கிறார்கள் என்றால், மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும். வீட்டுத் தரைமட்டம் சாலையிலிருந்து மூன்றடியாவது உயரட்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போடும் வழக்கம் இருப்பதால் அந்த உயரம் வருஷத்துக்கு வருஷம் குறையும். வாடகை வீடு ஏற்கெனவே சாலைக்குக் கீழே இறங்கிக் கிடந்தால், வாடகை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம். அடைமழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வருவது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

அடுத்தது உப்பு. புயல் ஓரிரவு வந்து போகும், உப்பு வருஷம் முழுக்கக் கூடவே இருக்கும். கடலோர மணல்மேடுகளில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. பதினைந்து இருபது அடியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஆழமாகப் போர் போட்டால் உப்புதான் வரும். மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினாலும் கீழே உள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும், விட்டுவிட்டு இறையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி, வீடு பார்க்கப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம். குடிநீருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் தெருவில் உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

வீடு கட்டினால் அந்தப் போர்த் தண்ணீரில் கான்கிரீட் கலக்க விடாதீர்கள். கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் கம்பி துருப்பிடித்து வீங்கி, மேல்பூச்சு பெயர்ந்து விழும். கடற்கரைச் சூழலுக்கு எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) என்பது இந்தியத் தரநிலை. மேஸ்திரி "இந்த ஊருக்கு எம்20 போதும்" என்பார். போதாது.

ஏ.சி. வெளிப்புற யூனிட்டைக் கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டாமல், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி வந்தால் அதிலுள்ள உலோகச் சுருள் (காயில்) கூடுதல் நாள் வரும். ஏர் கூலரைக் கோவையிலேயே விற்றுவிட்டு வாருங்கள். ஈரக்காற்றில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். வெயிலைப் பொறுத்தவரை நண்பகல்வாக்கில் கடற்காற்று வந்தால் தப்பித்தீர்கள். மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வலுத்த நாட்களில் அது தாமதமாகும், அன்றைக்குத்தான் கொதிக்கும். கிழக்கே ஜன்னல் இல்லாத வீட்டில் அந்தக் காற்று வந்தும் பிரயோஜனமில்லை.

இனி புயல். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்களும் தென்னைகளும் வரிசையாகச் சாய்ந்தன. உட்கிராமங்கள் சிலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியில் இரண்டு சாதாரண மின்விசிறி, இரண்டு எல்.இ.டி. விளக்கு ஆறு மணி நேரம் ஓடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறியாக இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் இதெல்லாம் முதல் ராத்திரிக்குத்தான். பிறகு தெருவே சேர்ந்து ஜெனரேட்டர் பிடித்து மோட்டார் போடும். முன்னெச்சரிக்கையில் பலர் மறப்பது மொட்டைமாடித் தொட்டியை. காலித் தொட்டியைக் காற்று தூக்கிப்போகும், நிரப்பி வையுங்கள்; தண்ணீரும் ஆகும். தென்னை சாயும் தூரத்தில் படுக்கை அறை வேண்டாம். ஷீட் கூரை என்றால் தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. காற்று அந்த விளிம்பில் பிடித்துத்தான் மொத்தத்தையும் உரிக்கும்.

மேற்கு நோக்கி வரும் புயலில் மையத்துக்கு வடக்கே உள்ள ஊரில்தான் கடல் உள்ளே ஏறும். தெற்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பயத்தை அளந்துகொள்ளுங்கள். கண் உங்கள் மேலேயே கடந்தால் திடீரென அமைதியாகும். அப்போது வெளியே வந்து சேதம் பார்க்கக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும், முன்பு தாங்கிய மரம் அப்போது விழும்.

துறைமுகத்தில் ஒன்று, இரண்டாம் எண் கூண்டுக்குப் பதற வேண்டாம். எட்டிலிருந்து பத்துவரை ஏற்றினால் ஷீட் வீட்டில் இருப்பவர்கள் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும்; மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கார் தண்ணீரில் முங்கினால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிடும். அப்படிப் பழுதானதற்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்க்காத பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. டோ செய்துதான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.