டீசல் பம்ப் தேய்ந்துவிட்டதா? லாரிக்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

கேள்வி: அண்ணே, சங்ககிரியில் இருந்து எழுதுகிறேன். பழைய ஆறு சிலிண்டர் வண்டி, இன்லைன் பம்ப். காலையில் அரை செல்ஃபில் (ஸ்டார்ட்டர் மோட்டார் அரைச் சுற்றிலேயே) எடுக்கிறது. லோடோடு ஓட்டி வந்து டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு அடித்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: எலிமென்ட் தேய்மானத்துக்கு இது நல்ல அடையாளம் தம்பி. இன்லைன் பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நின்று டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் (தண்டு), அது ஓடும் பேரலும் (உறை) சேர்ந்ததுதான் எலிமென்ட். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியே அதைவிட இருபது மடங்கு தடிமன். அது தேய்ந்துபோனால், சூட்டில் தண்ணீர் மாதிரி ஆன டீசல் அந்த இடுக்கில் கசிந்துவிடும், செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. ஓட ஆரம்பித்துவிட்டால் வேகத்தில் கசிவு தெரியாது. செல்ஃப் சூட்டிலும் அதே வேகத்தில் சுற்றுகிறதா என்று முதலில் காதால் கேட்டுப் பாருங்கள். அது சரி என்றால், எஞ்சின் நின்றிருக்கும்போது ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டு ஆறவிட்டு அடியுங்கள். உடனே எடுத்தால் பம்ப்தான். ஓடுகிற எஞ்சினில் மட்டும் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், பேரல் சுருங்கி பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தொப்பூர் ஏற்றத்தில் இழுவையே இல்லை. மெக்கானிக் பம்பை இறக்கச் சொல்கிறார். இறக்கிவிடலாமா?

பதில்: இப்போதே இறக்காதீர்கள். இதில்தான் வண்டிக்காரர்கள் பணம் வீணாகிறது, பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வேறு இரண்டு இடத்தில் பம்ப் கேலிபரேஷன் (பம்பை இறக்கிச் சோதனை மேடையில் டீசல் அளவைச் சரிசெய்வது) முடித்த வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. கடைசியில் பார்த்தால் டேங்கில் இருந்து ஃபீட் பம்புக்கு (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் சின்னப் பம்ப்) வரும் ஹோஸின் உள்ரப்பர் உரிந்து, லோடில் இழுக்கும்போதெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. அதனால் ஃபில்டரை மாற்றுங்கள், பிறகு ஒரு கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு வேறு ஹோஸில் கேனிலிருந்தே இழுக்கவிட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் கோளாறு டேங்க் பக்கம். திரும்பாவிட்டால் ஃபீட் பம்ப் அழுத்தம், பம்பில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு இரண்டையும் பார்க்க வேண்டும். மிச்ச டீசலைத் திருப்பி விடும் அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தாலே பம்புக்குள் டீசல் சரியாக நிரம்பாது. இவ்வளவும் சரி என்றால்தான் ஸ்பேனரை எடுக்கலாம்.

கேள்வி: ஐயா, ஐடிலில் (நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது) ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. நாசிலா பம்பா?

பதில்: ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அது வேலை செய்யாத சிலிண்டர். அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, அதுவும் சரியென்றால் பம்பின் எலிமென்ட்டோ அதன் மேல் இருக்கும் டெலிவரி வால்வோ. பீய்ச்சும் டீசல் முன்னால் விரலை நீட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: எஞ்சின் ஆயில் குறையாமல் ஏறுகிறதே?

பதில்: வண்டியை நிறுத்துங்கள். ஆயிலில் டீசல் வாசம் வருகிறதா பாருங்கள். நிறைய இன்லைன் பம்புகளுக்கு அடியில் எஞ்சின் ஆயில்தான் ஓடுகிறது, தேய்ந்த எலிமென்ட் வழியாகவோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் அதில் கலக்கும். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

கேள்வி: 2021 பி.எஸ் 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிக்கும் இதே நட்டு தளர்த்தும் வேலைதானா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இதில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அழுத்தத்தோடு நிற்கும், அதுதான் காமன் ரெயில். அதில் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும், உயிருக்கே ஆபத்து. ஸ்கேனரில் எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் நிஜமாக வரும் அழுத்தத்தையும் ஒப்பிடுங்கள், அப்புறம் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல் (ரிட்டர்ன்) அளவைப் பாருங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே உலோகத் துகள் மினுங்கினால் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது, பம்பை மட்டும் மாற்றினால் அந்தத் துகள் இன்ஜெக்டரையும் கெடுக்கும்.

கேள்வி: என் பம்பை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: இறக்கும் முன் கப்ளிங்கில் (பம்பை எஞ்சினோடு இணைக்கும் இடத்தில்) டைமிங் மார்க் போடச் சொல்லுங்கள், திரும்ப அதே நிலையில் மாட்டத்தான். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று ஆறு லைனிலும் வரும் டீசல் அளவையும், செல்ஃப் வேகத்திலும் முழு வேகத்திலும், எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய எலிமென்ட்டுகளையும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.